எலக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போடும் முன் எர்த்தைப் பாருங்கள்

எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள். மழையில் ஷாக் அடிக்காதா? ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் தீப்பிடிக்காதா? வெள்ளத்தில் மாட்டினால் என்ன ஆகும்? கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் பயம் மொத்தமும் காருக்கு அடியில் இருக்கும் பேட்டரி மேலேயே போய்விடுகிறது, போர்ட்டிகோவில் என்றோ யாரோ போட்டுவிட்டுப் போன பிளக் பாயின்ட்டை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே சார்ஜ் போடும் சாதாரண ஆளுக்கு, என்னைக் கேட்டால், அந்தப் பிளக் பாயின்ட்தான் முதலில் கவனிக்க வேண்டிய இடம். ஏன் என்று புரிய, பேட்டரிப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

காரின் தரைக்கு அடியில் தட்டையான, கெட்டியாக மூடப்பட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் செல்கள். இப்போது இந்தியாவில் நிறையக் கார்களில் வரும் எல்.எஃப்.பி. வகை, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், ஒன்றுக்கு 3.2 வோல்ட் தரும். நூறு செல்லை வரிசையாகக் கோர்த்தால் 320 வோல்ட். 2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் ஈவியின் பேட்டரி இந்த 320 வோல்ட்தான். ஹூண்டாய் ஐயோனிக் 5 மாதிரியான கார்களில் 600 வோல்ட்டைத் தாண்டிவிடும். இவ்வளவு எதற்கு என்றால், கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 100 கிலோவாட் மோட்டாரை 12 வோல்ட்டில் ஓட்ட நினைத்தால் 8,000 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதற்கான கம்பியை காருக்குள் வைக்கவே முடியாது. 320 வோல்ட்டில் அதே வேலை 310 ஆம்பியர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது.

வாகன விதிகளில் டி.சி., அதாவது பேட்டரி தரும் ஒரே திசைக் கரன்ட், 60 வோல்ட்டைத் தாண்டினாலே அது ஹை வோல்டேஜ். அப்படியானால் 320 வோல்ட் ஆளைக் கொல்லுமா? சந்தேகமே வேண்டாம், கொல்லும். அதனால்தான் அது உங்கள் கைக்கு எட்டாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் பல ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள்.

பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும். எந்தக் கம்பெனி காரானாலும் ஹை வோல்டேஜ் கேபிளுக்கு ஆரஞ்சுதான். அதைத் தொடாதீர்கள், ஆக்ஸசரீஸ் கடைப் பையனையும் தொட விடாதீர்கள். ஹாரன், ஃபாக் லேம்ப் மாட்ட வந்தவர் வழியில் இருக்கிறதே என்று ஆரஞ்சு கேபிளை ஓரமாக நகர்த்துவதெல்லாம் நடக்கக் கூடாத வேலை.

அடுத்தது கான்டாக்டர். பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளும் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆளுக்கொரு பெரிய ஸ்விட்ச் இருக்கிறது. காரை ஆன் செய்யும்போது எங்கோ உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அது அந்த ஸ்விட்ச் மூடும் சத்தம். ஆஃப் செய்தால் திறந்துகொள்ளும். கார் நிறுத்தி வைத்திருக்கும்போது, சார்ஜும் போடாதபோது, ஹை வோல்டேஜ் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். மோதி ஏர்பேக் விரிந்தாலும், ஹை வோல்டேஜ் கனெக்டர் ஏதாவது கழன்றாலும் இந்த ஸ்விட்ச்சுகள் தாமாகவே திறந்துவிடும். இவற்றை இயக்குவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி என்பது பலருக்குத் தெரியாது. 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் அசையாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஏற்பாடு மூன்றாவதுதான். ஈ.பி. கம்பியில் காக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கரன்ட் போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும், காக்கா வழியாக அந்தச் சுற்று முழுமையாகவில்லை. எலக்ட்ரிக் காரின் ஹை வோல்டேஜ் அமைப்பும் அப்படித்தான்: பிளஸும் சரி மைனஸும் சரி, காரின் பாடியோடு சேரவே சேராது. பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் பாடியில் இணைந்திருக்கும் இல்லையா, இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. ஆக, ஒரு கேபிளின் இன்சுலேஷன் உரிந்து பாடியைத் தொட்டாலும் உடனே ஷாக் அடிக்காது. இன்னொரு பக்கமும் கெட்டால்தான் சுற்று முழுமையாகும். அந்த இரண்டாவது கோளாறு வரும்வரை கார் சும்மா இருப்பதும் இல்லை. இன்சுலேஷன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும், குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். டி.சி. பக்கத்துக்கு விதி கேட்பது ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை. 400 வோல்ட் என்றால் 40,000 ஓம். அதன் வழியாக ஓடக்கூடிய கரன்ட் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர்.

இப்போது வீட்டுப் பக்கம் வருவோம். இங்கே கதை நேர்மாறு.

ஈ.பி. கொடுக்கும் 230 வோல்ட்டில் நியூட்ரல் என்பது டிரான்ஸ்ஃபார்மர் அடியிலேயே பூமியோடு இணைக்கப்பட்டது. நீங்கள் வெறுங்காலோடு தரையில் நிற்கிறீர்கள் என்றால், சுற்றின் ஒரு பாதி ஏற்கெனவே தயாராகிவிட்டது. ஒரே ஒரு லைவ் கம்பியைத் தொட்டால் போதும். காருக்குள் ஒரு கோளாறு எச்சரிக்கை, வீட்டில் ஒரு கோளாறு ஷாக். இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம், சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது சார்ஜர் இல்லை. அது ஒரு புத்திசாலி ஸ்விட்ச். காரோடு வரும் போர்ட்டபிள் கேபிளின் நடுவில் தொங்கும் பெட்டியும் அதே ரகம்தான். வீட்டுக்கு வரும் ஏ.சி. கரன்ட்டை (திசை மாறி மாறி ஓடுவது) டி.சி.யாக மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வெளியே இருக்கும் பெட்டியின் வேலை காரோடு பேசுவது. கன்னில் (காரில் செருகும் முனைக்கு அதுதான் பெயராகிவிட்டது) ஏழு ஓட்டைகள் உண்டு. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், மீதி இரண்டு பேச்சுக்கு. கன்னைச் செருகியதும் அந்தச் சின்ன கம்பியில் 12 வோல்ட் சிக்னல் ஓடும். 'கார் இருக்கிறதா, தயாரா, நான் இவ்வளவு ஆம்பியர்தான் தர முடியும்' என்று பெட்டி சொல்ல, கார் ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே ரிலே என்கிற ஸ்விட்ச் மூடி 230 வோல்ட் கேபிளுக்குள் வரும். அதுவரை கன் முனையில் கரன்ட்டே இல்லை. கழற்றும்போதும் முதலில் கரன்ட் நின்று, பிறகுதான் லாக் விடும். இதனால்தான் தூறலில் சார்ஜ் போடுவது ஆபத்தில்லை என்று தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்த தைரியம் கன் முனைக்குத்தான். கேபிளின் மறு முனையில், சுவரில் செருகியிருக்கும் மூணு பின் பிளக்குக்கு இந்தப் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. அது எப்போதும் லைவ். அதன் மேல் சாரல் அடிக்கக் கூடாது.

பெட்டி பார்க்கும் முக்கியமான விஷயம் எர்த். சார்ஜ் ஆகும்போது காரின் பாடி எர்த் கம்பி வழியாக பூமியோடு இணைந்திருக்கும். ஏதாவது கசிந்தால் கரன்ட் அந்த வழியே போகும், பாதுகாப்பு ஸ்விட்ச் விழும். எர்த் சரியில்லை என்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறாது. நம் ஊரில் இதுதான் தினசரிப் புகார்: 'புதுக் கார், வீட்டில் சார்ஜே ஏற மாட்டேங்குது.' கார் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் எர்த் கம்பி பிளக் வரை வந்திருக்கும், போர்டுக்குப் பின்னால் எங்கேயும் இணைந்திருக்காது. அல்லது கரியும் உப்பும் போட்ட எர்த் குழி இருக்கும், ஆனால் வருஷக்கணக்கில் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். மே மாதம் மண் வறண்டதும் சிவப்பு விளக்கு, குழியில் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் பச்சை என்று ஆகிறது என்றால், அதைத் தீர்வு என்று நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். எர்த் பலவீனம் என்று அது சொல்கிறது.

இந்த இடத்தில்தான் சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு 'ஐடியா' சொல்வார்கள். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. பெட்டி ஏமாந்துவிடும், பச்சை விளக்கு எரியும், சார்ஜ் ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். இதே வேலையைச் செய்யும் அடாப்டர்கள்கூட ஆன்லைனில் விற்கின்றன. தயவுசெய்து வேண்டாம். எலக்ட்ரிக் கார் விஷயத்தில் ஒரு வீட்டுக்காரர் செய்யக்கூடிய ஆகப் பெரிய தப்பு இதுதான் என்பேன்.

என்ன ஆகும் என்று நிதானமாகப் பார்ப்போம். மழைக்காலம், தெருக் கம்பத்தில் உங்கள் வீட்டு நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போகிறது. இது அபூர்வமான விஷயம் இல்லை, விளக்கெல்லாம் திடீரென்று மங்கியோ பிரகாசமாகவோ எரிந்து அடங்கும் அனுபவம் பல தெருக்களில் உண்டு. நியூட்ரல் விட்டுப்போனதும், வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ், ஃபேன் வழியாக வந்த கரன்ட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. வீட்டு நியூட்ரல் கம்பி முழுக்க கிட்டத்தட்ட 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அதை எர்த் பின்னோடு இணைத்து வைத்திருக்கிறீர்கள். எர்த் பின் காரின் பாடியில் இருக்கிறது. கார் ரப்பர் டயரில் நிற்கிறது. ஆக, கதவுக் கைப்பிடி முதல் டிக்கி வரை லைவ். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் திறப்பவர்தான் கரன்ட்டுக்குத் திரும்பிப் போகும் வழி. கேபிள் பெட்டிக்குள் இருக்கும் கசிவுப் பாதுகாப்பு இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது லைவ், நியூட்ரல் கம்பிகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஆபத்து வருவதோ எர்த் கம்பி வழியாக. நியூட்ரல் விட்டுப்போகாவிட்டாலும்கூட, வேறு ஏதோ ரிப்பேருக்கு வந்தவர் லைவையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அதே கதி.

சரியான வழி, தனி எர்த் போடுவது. பைப் எர்த்தோ, ரசாயன எர்த்திங் என்று விற்பதோ, எதுவானாலும் போட்ட பிறகு அளந்து காட்டச் சொல்லுங்கள். எளிய சோதனை ஒன்று உண்டு: சார்ஜ் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்தால் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த் சரியில்லை. வீட்டில் ஏ.சி., கீசர் எல்லாம் ஓடும்போதும் அச்சாக 0.0 என்று காட்டினால், எங்கோ யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். இதை எலக்ட்ரீஷியனை வைத்தே பாருங்கள், நீங்களே பிளக்கில் குத்திப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் சூடு. 15 ஆம்பியர் பிளக்கில் கீசர் ஓடுகிறதே, கார் ஓடாதா என்று கேட்பார்கள். கீசர் பத்து, பதினைந்து நிமிஷத்தில் கட் ஆகிவிடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். பிளக் பின்னும் சாக்கெட்டும் தொடும் இடம் கொஞ்சம் தளர்ந்து, வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே, 15 ஆம்பியரில் அந்தப் புள்ளியில் 22 வாட் சூடு பிறக்கும், விரல் நுனி அளவு இடத்தில், ராத்திரி முழுக்க. முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஆனதும் பிளக்கின் பிளாஸ்டிக் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறமோ கருகல் வாசமோ இருந்தால் சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சார்ஜ் பாயின்ட்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) வேண்டும். 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டி 32 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயராவது போடுங்கள், தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமனாக. ஆர்.சி.சி.பி. வாங்கும்போது 'ஏ.சி. டைப்' எடுக்காமல் 'ஏ டைப்' கேளுங்கள், கார் சார்ஜரிலிருந்து வரக்கூடிய டி.சி. கலந்த கசிவை முதல் வகை கண்டுகொள்ளாமல் விடலாம். ஈ.பி.யில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜர் வேறு ஜாதி. அங்கே பெரிய பெட்டிக்குள்ளேயே ஏ.சி. டி.சி.யாக மாறி, காருக்குள் இருக்கும் சார்ஜரைத் தாண்டி நேராக பேட்டரிக்குப் போகிறது. ஃபாஸ்ட் சார்ஜரின் சி.சி.எஸ். 2 வகைக் கன்னில் கீழே இரண்டு தடித்த பின்கள் கூடுதலாக இருப்பது அதற்குத்தான். கரன்ட் விடும் முன் அது கேபிளின் இன்சுலேஷனைச் சோதித்துக்கொள்ளும், கன்னைக் கார் பூட்டிக்கொள்ளும், சார்ஜ் முடியாமல் பிடுங்க முடியாது. எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பது கார்தான். 60 கிலோவாட் என்று போர்டு இருந்தாலும் உங்கள் கார் 30 கேட்டால் 30தான் வரும். 80 சதவீதத்துக்கு மேல் ஏன் ஆமை வேகம் என்று ஆபரேட்டரிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம் அவர் என்ன செய்வார். செல் நிரம்ப நிரம்ப லித்தியம் உள்ளே போய் உட்கார இடம் குறைகிறது. அவசரமாகத் தள்ளினால் உள்ளே போகாமல் மேலே உலோகமாகப் படியும். அப்படிப் படிவது செல்லின் ஆயுளையும் குறைக்கும், உள்ளே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். அதனால் காரே வேகத்தைக் குறைக்கிறது. மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு வந்து சொருகினால் பேட்டரி சூட்டைப் பார்த்து இன்னும் குறைக்கும்.

சரி, தீ. பிடிக்கவே பிடிக்காது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகி 130 டிகிரிப் பக்கம் போனால், பிளஸையும் மைனஸையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். அதிலிருந்து சூடு தானே சூட்டை வளர்க்கும், பக்கத்து செல்லுக்குப் பரவும். நிக்கல் கலந்த என்.எம்.சி. வகையில் சூடேறும்போது ஆக்சிஜனும் வெளியாகும், அதனால் தீ வேகம் பிடிக்கும். எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகக் கட்டுண்டு இருப்பதால் அவ்வளவு எளிதில் வராது. நெக்ஸானிலும் மஹிந்திரா பி.இ. 6-லும் எல்.எஃப்.பி., க்ரெட்டா எலக்ட்ரிக்கில் என்.எம்.சி. அதற்காக என்.எம்.சி. கார் வாங்கக் கூடாது என்றில்லை, இரண்டிலும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பேட்டரியின் சூட்டையும் பி.எம்.எஸ். என்கிற பேட்டரிக் கண்காணிப்பு அமைப்பு பார்த்துக்கொண்டே இருக்கிறது, நிரம்பினால் தானே நிறுத்துகிறது. ராத்திரி முழுக்கச் சொருகி வைப்பதால் காருக்கு ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் இந்தப் பயம் பரவியது 2022-ல், ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்த நேரத்தில். அந்த மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின. கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 என்கிற பாதுகாப்புத் தரத்தின் இரண்டாம் திருத்தம் 2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக வந்தது. ஒரு செல்லின் சூடு கட்டுப்பாடு இழந்தால், உள்ளே இருப்பவர்கள் இறங்க ஆபத்துக்குக் குறைந்தது 5 நிமிஷம் முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்கிறது அது. அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால், அல்லது அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தால், ஓரங்கட்டி, இறங்கி, தள்ளிப் போய் 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள். பேட்டரி எரிவது என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றலாம். புகை விஷம், அருகில் நின்று வீடியோ எடுக்க வேண்டாம்.

வெள்ளத்துக்கு வருவோம். ஐ.பி. 67 என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதன் பொருள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் வரை பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாது என்பது. தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஓட்டிக் கடப்பதற்கு இது தாராளம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. அந்தக் கணக்கு எந்த ஐ.பி. எண்ணிலும் வராது. கடல் நீர் புகுந்தால் இன்னும் மோசம். 2022-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு உப்புநீரில் ஊறிய எலக்ட்ரிக் கார்கள் பல, தண்ணீர் வடிந்த பின் எரிந்தன. உப்புப் படிவு கரன்ட்டுக்கு வழி போட்டுக் கொடுக்கும்.

ஆகவே, கார் முழுகி எழுந்தால் ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டுச் சுவரை விட்டு, மற்ற வண்டிகளை விட்டு 15 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் நிற்க வையுங்கள். சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வருபவர் கயிறு கட்டி இழுக்கலாம் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கார்களில் மோட்டாருக்குள் இருப்பது நிரந்தரக் காந்தம், சக்கரம் உருண்டால் அதுவே ஜெனரேட்டர் ஆகி கரன்ட் உற்பத்தி செய்யும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.